ஒரே ஆலை, இரண்டு குடியிருப்பு: அமெரிக்கத் தொழிலாளர் புறநகர்களின் வரலாறு

நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். நம் ஊர் வரலாற்றையும் நம் தலைவர்தம் வரலாற்றையும் எழுத வல்லார் பலர் உளர். நாமோ கடல் கடந்த நாடொன்றின் வரலாற்றை எடுத்துக்கொண்டுள்ளோம். அதற்குக் காரணம் ஒரு மாணவனின் கேள்வி.

பத்தாம் வகுப்பில் அமெரிக்க நாட்டைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். கறுப்பின மக்கள் நகரின் ஒரு மூலையில் நெருக்கி வைக்கப்பட்டதைச் சொன்னபோது, நம் தெருவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அவர்களும் அதே கார் ஆலையில்தானே வேலை செய்தார்கள்? கூலி வாங்கினார்கள்தானே? பிறகு ஏன் வீடு வாங்கவில்லை? சேமிக்கத் தெரியாதா?" என்று கேட்டான். உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. கேள்வியைவிட, அதைக் கேட்டவன் யார் என்பதே நம்மை வருத்தியது. வீடில்லாதவன் சிக்கனமில்லாதவன் என்னும் எண்ணம் நம் பிள்ளைகளின் நெஞ்சிலும் புகுந்துவிட்டது. அன்று தொடங்கித் தேடிப் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946இல் கறுப்பினப் பேரறிஞர் டூபாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில், தாம் அம்மக்களின் சிக்கலைப் பயின்று வந்த மாணவர் என்று குறிப்பிட்டார். எனவே இப்பாடம் நமக்கு அயலானதன்று.

டெட்ராய்ட் நகரிலிருந்து தொடங்குவோம். 1914ஆம் ஆண்டு சனவரியில் ஹென்றி ஃபோர்டு, தம் கார் ஆலையில் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தார். அக்காலத்தில் அது கேள்விப்படாத கூலி. ஐரோப்பாவின் போலந்து, இத்தாலி, ஹங்கேரி நாடுகளின் ஏழை உழவர்கள் ஏற்கெனவே அந்நகருக்கு வந்துகொண்டிருந்தனர். முதல் உலகப் போரால் கப்பல் வரவு தடைப்பட்டபோது, அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் திரளாக வந்தனர். பருத்திக் காட்டில் வாரத்திற்கு உழுது, ஆண்டு முடிவில் கடனே மிஞ்சக் கண்டவர்கள் அவர்கள். 1910இல் டெட்ராய்ட்டில் 5,741 பேராக இருந்த கறுப்பின மக்கள், 1920இல் 40,838 ஆகவும், 1930இல் 1,20,066 ஆகவும் பெருகினர்.

ஆலைக்குள் அனைவரும் தொழிலாளரே. உலைக்களம், வார்ப்பகம் போன்ற கடும் வெப்பமும் புகையும் நிறைந்த பிரிவுகளே கறுப்பினத்தாருக்குப் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. எனினும் கூலி கையில் வந்தது. ஆலைக்கு வெளியே வந்ததும் வழி இரண்டாகப் பிரிந்தது. 'பிளாக் பாட்டம்' எனப்பட்ட கிழக்குப் பகுதியிலேயே கறுப்பினத்தார் குடியிருக்க முடிந்தது. (அப்பெயர் மக்களின் நிறத்தால் வந்ததன்று, பழைய பிரெஞ்சுக் குடியானவர்கள் அங்கிருந்த கரிய மண்ணைக் கண்டு இட்ட பெயர் என்பர்.) இடம் விரியவில்லை, மக்கள் தொகை மட்டும் விரிந்தது. ஆகவே சீரழிந்த அறைக்கும் வாடகை ஏறியது.

வெள்ளைத் தொழிலாளரின் நிலையையும் நேர்மையோடு கூறவேண்டும். அவர்களும் செல்வந்தரல்லர். ஊர்ப்புறத்தில் சிறு மனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே மரமறுத்து, ஆணியடித்து, உறவினர் கைகொடுக்க வீடெழுப்பியோர் அவர்களுள் பலர். கொல்லையில் காய்கறி பயிரிட்டும், கோழி வளர்த்தும் தவணை கட்டினர். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு வீட்டிலேயே அடங்கியிருந்தது. "கறுப்பன் ஒருவன் தெருவுக்குள் வந்தால் உன் வீட்டின் விலை சரிந்துவிடும்" என்று தரகர் சொன்னபோது அவர்கள் நடுங்கியது இதனால்தான். அந்த அச்சத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. அதை ஊட்டியவர் யார், அதனால் இலாபமடைந்தவர் யார் என்பதையே காணவேண்டும் என்கிறோம்.

மருத்துவர் ஓசியன் ஸ்வீட் என்பாரின் வழக்கு இதற்குச் சான்று. அடிமைகளின் பெயரர், படித்து மருத்துவராகி, ஐரோப்பாவிலும் சென்று பயின்று திரும்பியவர். 1925இல் டெட்ராய்ட்டின் கார்லண்டு சாலையில் 18,500 டாலருக்கு ஒரு வீட்டை விலை பேசி, 3,500 டாலர் முன்பணம் செலுத்தினார். அந்தத் தெருவில் இருந்தவர்கள் ஆலைத் தொழிலாளரும் சிறு உத்தியோகத்தாரும். படிப்பாலும் வருவாயாலும் அவர்களுள் பலரினும் மேம்பட்டவர் அவர். செப்டம்பர் 8ஆம் நாள் குடியேறினார். மறுநாள் இரவு பெருங்கூட்டம் வீட்டைச் சூழ்ந்து கல்லெறிந்தது. காவலர் அருகிலேயே நின்றனர். வீட்டினுள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே வெள்ளையர் ஒருவர் இறந்தார். மருத்துவர், அவர் மனைவி கிளாடிஸ், உடன்பிறந்தார், நண்பர் எனப் பதினொருவர் மீது கொலைவழக்குத் தொடுக்கப்பட்டது.

கறுப்பின முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோவை அமர்த்தியது. ஃபிராங்க் மர்ஃபி என்னும் நீதிபதி வழக்கைக் கேட்டார். ஜூரர் பன்னிருவரும் வெள்ளையர். முதல் விசாரணையில் அவர்கள் ஒருமுடிவுக்கு வரவில்லை. 1926 மே மாதம், தாம் சுட்டதை ஒப்புக்கொண்ட தம்பி ஹென்றி ஸ்வீட் தனியே விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். தன் வீட்டைக் காக்கும் உரிமை கறுப்பு மனிதனுக்கும் உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது. ஆயினும் அந்த வீடு அக்குடும்பத்திற்கு வாழ்வளிக்கவில்லை. இரண்டு வயது மகள் 1926இலும், கிளாடிஸ் அம்மையார் 1928இலும் காசநோயால் மாண்டனர். பின்னர் அவ்வீட்டில் வாழ்ந்து, முதுமையில் அதனையும் விற்ற மருத்துவர், 1960இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்.

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுவோம். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், மாற்றலாகிச் சென்ற ஓர் ஊரில் வாடகைக்கு வீடு தேடினோம். வீட்டுக்காரர் அன்போடு வரவேற்று மோர் தந்தார். "சாருக்குச் சொந்த ஊர் எது?" என்றார். சொன்னோம். "ஊரில் எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னோம். சற்று நேரம் உள்ளே சென்று வந்தவர், "வீட்டை நேற்றே ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்களாம், எனக்குத் தெரியாமல் போயிற்று" என்றார். மூன்று மாதம் கழித்தும் அவ்வீட்டுக் கதவில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது. கல்லெறிபவனைவிட மோர் தருபவனை எதிர்த்துப் போராடுவது கடினம் என்பதை அன்று அறிந்தோம்.

டெட்ராய்ட்டிலும் கல்லெறிதல் ஒரு பகுதிதான். பெரும்பகுதி வேலை காகிதத்திலேயே நடந்தது. மனைகளை விற்போர், கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதினர். வெள்ளையரல்லாத எவரும் இவ்வீட்டை வாங்கவோ இதில் குடியிருக்கவோ கூடாது என்பதே அது. வீடு கைமாறினாலும் அந்நிபந்தனை உடன் சென்றது. பல பத்திரங்களில் ஒரு விலக்கு மட்டும் உண்டு. வீட்டு வேலைக்காரராக இருப்பின் கறுப்பினத்தார் தங்கலாம்! சமையற்கட்டில் அவர் கைபட்டால் தீட்டில்லை. அவர் பெயர் பத்திரத்தில் ஏறினால்தான் தீட்டு. இவ்விலக்கின் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கமும் 1924இல் தன் ஒழுக்க விதிகளிலேயே, சொத்தின் மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தாரை ஒரு பகுதிக்குள் தரகர் கொண்டுவரலாகாது என்று எழுதி வைத்தது. ஒழுக்க விதி என்று அதற்குப் பெயர்!

இனி அரசின் பங்குக்கு வருவோம். நம் மாணவனின் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் உள்ளது.

1930க்கு முன்னர் அமெரிக்காவில் வீட்டுக்கடன் பெறுவது எளிதன்று. விலையில் பாதியளவு கைப்பணம் வேண்டும். மீதியைச் சில ஆண்டுகளுக்குள் அடைக்க வேண்டும். பெரும் பொருளாதார வீழ்ச்சியில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அப்போது ரூஸ்வெல்ட் அரசு 1933இல் வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தையும், 1934இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தையும் நிறுவியது. பின்னதன் செயல்முறையை உணர்ந்துகொள்ள வேண்டும். அது தானே கடன் தரவில்லை. வங்கி தரும் கடனுக்கு உறுதி நின்றது. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் வங்கிக்கு நட்டமில்லை. நிர்வாகம் ஈடு செய்யும். எனவே வங்கிகள் துணிந்து, விலையில் நூற்றுக்கு எண்பது, பின்னர் தொண்ணூறு வரையிலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுத் தவணையில் கடன் தந்தன. வட்டி குறைந்தது. மாதத் தவணை வாடகையினும் குறைவாயிற்று. ஆலைத் தொழிலாளி வீட்டுக்காரனானது இவ்வாறுதான். சிக்கனம் ஒரு பங்கு. அரசின் உறுதிமொழி ஒன்பது பங்கு எனலாம்.

அந்த உறுதிமொழி யாருக்கு? நிர்வாகத்தின் மதிப்பீட்டுக் கையேடு, ஒரு பகுதி நிலைத்த மதிப்புடையதாயிருக்க ஒரே சமூக, இன வகுப்பாரே அங்குத் தொடர்ந்து வசிக்கவேண்டும் என்றது; பத்திர நிபந்தனைகளையும் பரிந்துரைத்தது. கடன் கழகமோ இருநூற்றுக்கு மேற்பட்ட நகரங்களை அளந்து பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்களில் வரைபடம் தீட்டியது. கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ யாவும் சிவப்பு. இவ்வரைபடங்களே எல்லாவற்றிற்கும் காரணம் எனப் பலர் எழுதுகின்றனர். அண்மை ஆய்வாளர் சிலர் அதை மறுத்து, கடன் கழகம் கறுப்பினத்தாருக்கும் ஓரளவு கடன் தந்ததையும், உண்மையில் கதவடைத்தது வீட்டுவசதி நிர்வாகமே என்பதையும் காட்டியுள்ளனர். நமக்கும் அதுவே சரியெனப்படுகிறது. வரைபடம் கண்ணுக்குத் தெரிவதால் புகழ் பெற்றது. கையேடு அலுவலக மேசைக்குள் கிடந்தது.

அக்கையேடு செய்த வேலையைக் கண்ணால் காணவேண்டின், டெட்ராய்ட்டின் வடக்கெல்லையான எட்டாம் மைல் சாலையை அடுத்த பகுதிக்குச் செல்லவேண்டும். அங்கு 1920களிலேயே கறுப்பினத் தொழிலாளர் சிறு மனைகளை வாங்கியிருந்தனர். வங்கி கடன் தராததால், கிடைத்த பலகையைக் கொண்டு ஓர் அறை, பணம் சேர்ந்தபின் மற்றோர் அறை எனத் தாமே வீடு கட்டிக் கொண்டனர். சேமிக்கத் தெரியாதவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க. 1941இல் அருகிலிருந்த வெற்றுநிலத்தில் வெள்ளையருக்கு வீடு கட்ட ஒருவர் முனைந்தார். கறுப்பினக் குடியிருப்பு மிக அருகில் உள்ளது எனக் கூறி, நிர்வாகம் கடனுறுதி மறுத்தது. அவர் இரண்டிற்கும் நடுவே ஆறடி உயரமும் ஓரடி கனமும் அரை மைல் நீளமும் கொண்ட ஒரு சுவரை எழுப்பினார். உறுதி கிடைத்தது. உத்தப்புரத்துச் சுவரை அறிந்த நமக்குச் சுவர் புதிதன்று. ஆனால் இச்சுவர் ஊரார் வெறுப்பில் எழும்பவில்லை. வங்கிக் கடனுக்குத் தேவையான தாள்களோடு சேர்ந்த ஒரு தாளாக எழும்பியது.

டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்ன் நகரின் கதை இதனினும் கொடிது. ஃபோர்டின் மாபெரும் ரூஜ் ஆலை அந்நகர எல்லைக்குள்தான் உள்ளது. கறுப்பினத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அவ்வாலையில் உழைத்தனர். ஆனால் இரவில் டியர்பார்னில் தலைசாய்க்க அவர்களுக்கு இடமில்லை. டெட்ராய்ட்டுக்கோ, மேற்கே இங்ஸ்டர் என்னும் சிற்றூருக்கோ திரும்பவேண்டும். 1942 முதல் 1978 வரை நகரத் தலைவராயிருந்த ஆர்வில் ஹப்பர்டு, கறுப்பினத்தாரை உள்ளே விடாமையையே தம் சாதனையாகக் காட்டித் தேர்தல்தோறும் வென்றார். ஆலை செலுத்திய வரியால் டியர்பார்னின் பள்ளியும் பூங்காவும் செழித்தன. வார்ப்பகத்தில் வெந்தவனின் பிள்ளை படித்த பள்ளி வேறு ஊரில், வேறு வரியில் நடந்தது.

சட்டப் போராட்டமும் ஓயவில்லை. 1944இல் ஆர்செல் மக்கீ, மின்னி மக்கீ தம்பதியர் டெட்ராய்ட்டில் பத்திர நிபந்தனையுள்ள ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினர். அண்டை வீட்டார் வழக்காடினர். மிச்சிகன் மாநில நீதிமன்றங்கள் மக்கீ குடும்பத்தை வெளியேறச் சொல்லின. செயின்ட் லூயி நகரின் ஷெல்லி வழக்கோடு சேர்த்து இவ்வழக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சென்றது. மக்கீ தம்பதியருக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல் என்னும் கறுப்பின வழக்கறிஞர். 1948 மே 3இல், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று தீர்ப்பாயிற்று. ஒன்பது நீதிபதிகளுள் மூவர் விசாரணையினின்றும் விலகிக் கொண்டனர். எஞ்சிய அறுவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அந்த அறுவருள் ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்வீட் வழக்கைக் கேட்ட அதே ஃபிராங்க் மர்ஃபி!

தீர்ப்பு வந்தது, வீடு வரவில்லை. நிபந்தனையுள்ள சொத்துகளுக்கு உறுதி தருவதை வீட்டுவசதி நிர்வாகம் நிறுத்தவே 1950 ஆயிற்று. அதற்குள் போர்வீரர் நலச் சட்டத்தின்படி (1944) கடன் பெற்ற வெள்ளை வீரர்களுக்காகப் புறநகர்கள் காளான்போல் முளைத்துவிட்டன. நியூயார்க்கை அடுத்த லெவிட்டவுனில் 1947 தொடங்கி 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 7,990 டாலர் விலை. போர்வீரர்க்கு முன்பணமும் வேண்டா. ஆனால் வெள்ளையர்க்கு மட்டும். அதே போரில் அதே சீருடையணிந்த கறுப்பின வீரர் நிலை என்ன? மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் இச்சட்டத்தின்கீழ் உறுதியளிக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினத்தாருக்குக் கிடைத்தவை இரண்டு.

உருக்காலைத் தொழிலாளரை எண்ணிக் கட்டப்பட்ட பென்சில்வேனியா லெவிட்டவுனில், 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ் என்னும் முன்னாள் படைவீரரும் அவர் மனைவி டெய்சியும் குழந்தைகளோடு ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினர். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் கூடிக் கூச்சலிட்டனர், சன்னல்கள் உடைந்தன, மாநிலக் காவற்படை வந்தது. அடுத்த வீட்டு வெள்ளைக் குடும்பம் அவர்களுக்குத் துணைநின்று தானும் வசை ஏற்றது என்பதையும் மறவாது பதிவு செய்வோம்.

வங்கி கைவிட்டவனை வட்டிக்காரன் பிடித்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். சிகாகோவில் அது 'ஒப்பந்த விற்பனை' என்னும் வடிவெடுத்தது. வெள்ளையரை அச்சுறுத்திக் குறைந்த விலைக்கு வீட்டை வாங்கிய இடைத்தரகர், அதை இருமடங்கு விலைக்குக் கறுப்பினத்தாருக்குத் தவணையில் விற்றார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் தரப்படாது. பழுதுபார்ப்பும் வரியும் வாங்குபவர் பொறுப்பு. ஒரு தவணை தவறினால் வீடும் போயிற்று. கட்டிய பணமும் போயிற்று. அதே வீடு அடுத்தவருக்கு விற்கப்படும். கணவன் இரண்டு வேலை, மனைவி ஒரு வேலை பார்த்தும் மீள முடியாத குடும்பங்கள் 1968இல் ஒன்றுகூடி, ஒப்பந்த வீட்டாளர் சங்கம் அமைத்துத் தவணை கட்ட மறுத்துப் போராடின. நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன.

அதே 1968இல் ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், 11ஆம் நாள், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இன வேறுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தாயிற்று. முந்திய ஆண்டு சூலையில் டெட்ராய்ட் எரிந்து 43 பேர் மாண்டிருந்தனர். பிளாக் பாட்டம் அதற்கு முன்னரே இடிக்கப்பட்டு, அதன் கடைத்தெரு மீது நெடுஞ்சாலை ஓடத் தொடங்கியிருந்தது. வெள்ளையர் வாரன் போன்ற புறநகர்களுக்குச் சென்றுவிட்டனர். 1970இல் ஏறத்தாழ 1,80,000 பேர் வாழ்ந்த வாரனில் கறுப்பினக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாம் பள்ளி ஆசிரியராதலால் இனிவருவதே நமக்கு முதன்மையாகப் படுகிறது. அமெரிக்காவில் பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் பள்ளி உயரும்; தாழ்ந்த ஊரில் தாழும். ஆகவே கடன் மறுக்கப்பட்ட தந்தையின் பிள்ளைக்கு ஆய்வுக்கூடமும் நூலகமும் மறுக்கப்பட்டன. டெட்ராய்ட்டையும் அதைச் சுற்றியிருந்த 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் இணைத்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கக் கீழ்நீதிமன்றம் வழி செய்தது. 1974 சூலை 25இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதைத் தடுத்துவிட்டது. புறநகர்கள் குற்றம் செய்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பது பெரும்பான்மையோர் கருத்து. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நால்வருள் ஒருவர் தர்குட் மார்ஷல். மக்கீ குடும்பத்தின் வழக்கறிஞர், அப்போது அதே மன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக வீற்றிருந்தார். எல்லைக்கோடு எவ்வாறு வரையப்பட்டது என்பதை அவரினும் அறிந்தவர் யார்?

2020களின் தொடக்கத்தில் அந்நாட்டு வெள்ளைக் குடும்பங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சொந்த வீடுடையவை. கறுப்பினக் குடும்பங்களில் நாற்பத்தைந்து அளவே. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இடைநிலை வெள்ளைக் குடும்பத்தின் சொத்து இடைநிலைக் கறுப்பினக் குடும்பத்தின் சொத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. 1941இல் ஒருவனுக்குக் கிடைத்த வீடு, 1970இல் அவன் மகனின் கல்லூரிக் கட்டணமாகி, 2000இல் பெயர்த்தியின் முன்பணமாயிற்று. கிடைக்காதவனுக்குக் கணக்கு வேறு.

அம்மாணவன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது இவற்றையெல்லாம் சொன்னோம். "அப்படியானால் அந்தப் பத்திரங்கள் இன்னும் இருக்குமே ஐயா?" என்றான். இருக்கின்றன. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 2016 முதல் மினியாப்பொலிஸ் நகரின் பழைய கிரயப் பத்திரங்களைத் திரட்டி, பொதுமக்களைக் கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்து, நிபந்தனையுள்ள மனைகளை வரைபடத்தில் குறித்தனர். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அவ்வேலையில் ஈடுபட்டனர். தாம் குடியிருக்கும் வீட்டின் பத்திரத்திலேயே அவ்வாசகத்தைக் கண்டவர்களும் உண்டு. டெட்ராய்ட்டின் சுவரும் இடிக்கப்படவில்லை. இன்று அதன் இருபுறமும் கறுப்பின மக்களே வாழ்கின்றனர். 2006இல் அப்பகுதி மக்கள் ஓவியர்களோடு சேர்ந்து, விளையாட்டுத் திடலை ஒட்டிய பகுதியில் வீடுகளையும் குழந்தைகளையும் வண்ணத்தில் தீட்டினர்.